மஞ்சளாகவே நின்ற பால்

போன வாரம் திருமயத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் பால் கேனுக்குள் ஒரு கண்ணாடிக் குழலை விட்டு, அது மிதப்பதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். லாக்டோமீட்டர். தண்ணீர் கலந்த பாலில் அது இறங்கும், நல்ல பாலில் தூக்கி நிற்கும். தினமும் எல்லா ஊரிலும் நடக்கிற காரியம்தான். எனக்கு மட்டும் அதைப் பார்க்க முடியவில்லை. சொல்லியிருந்த டீயை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன். ஏன் என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது கடல் அறிவியல். வேலை கிடைத்ததோ இந்தப் பக்கத்தில், கடல் காற்றுகூட எட்டிப் பார்க்காத ஒரு பெண்கள் கலைக் கல்லூரியில். தமிழும் வரலாறும் வணிகவியலும் படிக்கிற பெண்களுக்கு 'கடலை அறிவோம்' என்று ஒரு விருப்பப் பாடம் வைத்திருந்தார்கள். தற்காலிக வேலை. வருடா வருடம் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள். முதல் நாள் வகுப்பில், கடலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நாற்பது பேரில் பாதி கைகள் எழுந்தன. வேளாங்கண்ணிக்கு மொட்டை போடப் போனவர்கள், ராமேஸ்வரத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனவர்கள். "கடலுக்கு அடி இருக்கா சார், இல்ல அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பி.ஏ. தமிழ், முதல் வருடம், பெயர் ஜெனிட்டா.

வகுப்புக்கு ஐந்து கேள்வியாவது கேட்பாள். பதில் தெரியாமல் நான் முழித்ததும் உண்டு. சில நாள் அவளுக்குப் பயந்தே இரவு புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன். ஆனால் அவள் வராத நாளில் எனக்குப் பாடம் நடத்தவே பிடிக்காது.

எங்களுக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிக் கோட்டைப்பட்டினம் போய் ஒரு கேன் கடல்நீர் பிடித்து வந்தேன். "கேன்ல என்னங்க?" என்றார் கண்டக்டர். கடல் தண்ணீர் என்றேன். "எங்க ஊருக் கெணத்துலயே உப்புத் தண்ணிதான். சொல்லியிருந்தா எறச்சுக் குடுத்திருப்பேனே" என்றார். மூடி சரியாக மூடாததால் வழி முழுக்கப் பாசியும் மீனும் கலந்த வாடை. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

தண்ணீரின் அடர்த்தியை அளக்கக் கருவி வேண்டுமே. நான் குடியிருந்தது அரிமளம் பக்கத்து ஊர் ஒன்றில், கருப்பையா அண்ணன் வீட்டு மாடியில். அவர்தான் ஊர்ப் பால் சொசைட்டிக்குச் செயலாளர். அவரிடம் பழைய லாக்டோமீட்டரைக் கேட்டு வாங்கினேன். குழாய்த் தண்ணீரில் விட்டபோது குழல் சரசரவென்று இறங்கியது. கடல்நீரில் விட்டதும் மேலே ஏறி, ஏறக்குறைய நல்ல பாலுக்கு எங்கே நிற்குமோ அங்கே நின்றது. உப்பு சேரச் சேரத் தண்ணீர் கனக்கிறது, அதனால்தான் ஆற்று நீர் கடல்நீருக்கு மேலே மிதந்து பரவுகிறது என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஜெனிட்டா எழுந்தாள்.

"அப்ப தண்ணி ஊத்துன பால்ல உப்பப் போட்டா, நல்ல பாலு மாதிரியே காட்டுமா சார்?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிவியலே படிக்காத பெண், கடலிலிருந்து பாலுக்குத் தானாகவே தாவிவிட்டாள்! கேண்டீனில் பால் வாங்கிவரச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, உப்பைக் கரைத்துச் செய்தே காட்டினேன். குழல் ஏறி நின்றது. வகுப்பே கைதட்டியது. அத்தனை பேர் வீட்டிலும் மாடு இருக்கிறது என்பது என் மரமண்டைக்கு எட்டவேயில்லை.

பத்து நாள் கழித்து, குளிரூட்டும் நிலையத்திலிருந்து எங்கள் ஊர்க் கேன் ஒன்று திரும்பி வந்தது. பால் உப்புக் கரிக்கிறதாம். கருப்பையா அண்ணன் மாடிப்படியில் பாதி ஏறி நின்றபடியே கேட்டார்.

"தம்பி, காலேஜ்ல என்ன சொல்லிக்குடுத்தீங்க?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் வகுப்பில் அந்த ஊர்ப் பெண்கள் மூன்று பேர். அதில் கேள்வி கேட்டது யார் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. "அந்தப் புள்ள வீட்டுப் பால் கார்ட நிறுத்தப்போறேன். இல்லாட்டி ஊரு பாலே நிண்டு போகும்" என்றார்.

ஜெனிட்டாவுக்கு அப்பா இல்லை. அம்மா லூர்து அக்கா இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு அவளைப் படிக்கவைத்தார். கார்டு நின்றால் சொசைட்டியில் பால் ஊற்ற முடியாது; படிப்பும் நின்றுவிடும். அன்று சாயங்காலமே ஜெனிட்டா என்னைத் தேடி வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் கோபம்தான் இருந்தது.

"நாங்க போடல சார். உப்பு கண்டுபுடிக்க ரெண்டு மருந்து இருக்குன்னு சொன்னீங்கள்ல? அத வச்சு எல்லாரு பாலையும் சோதிங்க. எங்க பால மொதல்ல சோதிங்க."

இருந்தன. கடல்நீரின் உப்பை அளக்க நான் படித்த காலத்திலிருந்தே வைத்திருந்த இரண்டு பழுப்புக் குப்பிகள். ஒன்றில் வெள்ளி நைட்ரேட், இன்னொன்றில் குரோமேட். சொட்டுக் கணக்கில் விட்டால், உப்பு குறைவான பால் செங்கல் நிறமாகிவிடும். உப்பு மிகுந்த பால் மஞ்சளாகவே நிற்கும். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. கடல் படித்தவன் ஊருக்கு ஒரு முறையாவது பயன்படப்போகிறேன் என்று.

மறுநாள் காலை சொசைட்டி வாசலில் ஊரே நின்றது. கேள்வி கேட்ட பெண்ணின் வீட்டுப் பாலை முதலில் எடுத்தால் நன்றாயிருக்காது என்று, வரிசையில் வந்தவர்களின் பாலையே சோதித்தேன். முதல் சோதனைக் குழாய் சிவந்தது. இரண்டாவதும் சிவந்தது. ஒவ்வொன்றும் சிவக்கும்போது கூட்டத்தில் ஒரு மூச்சு விடுபடும். பதினோராவது ஆளாக லூர்து அக்கா தூக்குவாளியை நீட்டினார். ஜெனிட்டா எனக்கு எதிரே, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயமே இல்லை.

மருந்தை விட்டேன். குலுக்கினேன். மஞ்சள். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். மஞ்சள்தான்.

இன்னொரு முறை செய்தேன். மறுபடியும் மஞ்சள். ஜெனிட்டா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

"ஏம்மா, போட்டியா?"

லூர்து அக்கா மகளை ஒரு பார்வை பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கேள்வியை அவள் வாயில் போட்டவன் நான்தான். 'கொஞ்சம் பொறுங்கள், வேறு காரணமும் இருக்கலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு காரணம் இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது என்பதுதான் நிஜம்.

மூன்றாம் நாள் அவர்களுடைய மாடுகளில் ஒன்று தீவனம் எடுக்காமல் நின்றது. மாட்டு டாக்டர் வந்தார். மடிநோய். வெளியே தெரியாமல் பல நாளாக உள்ளே இருந்திருக்கிறது. நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"மடிநோய் வந்தா பாலு தானாவே உப்புக் கரிக்கும் சார். யாரும் எதுவும் போட வேண்டியதில்ல. இத என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?" என்றார் அவர்.

கருப்பையா அண்ணன் அவரே போய், அன்று வாங்கி வைத்திருந்த கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நானும் போனேன். லூர்து அக்கா வரக்காப்பி கொடுத்தார். "விடுங்க சார், நீங்க என்ன வேணும்ன்டா செஞ்சீங்க?" என்றார். என்னோடு பேசினாரே தவிர, நான் இருந்த அரைமணி நேரத்தில் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெனிட்டா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மன்னித்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். "சரிங்க சார்" என்றாள்.

இப்போது அந்தச் சொசைட்டியில் மிஷின் வந்துவிட்டது. பாலை ஊற்றினால் சீட்டு வருகிறது. கல்லூரியில் அந்த விருப்பப் பாடத்தையே தூக்கிவிட்டார்கள். அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. ஜெனிட்டா கல்லூரியை விட்டு நிற்கவில்லை. அந்த வருடம் பாடம் முடியும்வரை என் வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாள். வந்து பேசாமல் எழுதிக்கொண்டு போனாள்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே கரும்பலகையில் தப்பாக எழுதினேன்: 'பனிக்கட்டி கடல்நீரைவிடக் கனமானது. ஆகவே அது கடலில் மூழ்கும்.' எழுதிவிட்டு, எழுந்திருப்பாள் என்று அவள் பக்கம் திரும்பி நின்றேன். ஒரு நிமிடம் நின்றிருப்பேன். ஜெனிட்டா குனிந்து அதை நோட்டில் எழுதினாள். எழுதி முடித்து, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள்.

நானே அழித்துவிட்டுச் சரியாக எழுதினேன். அவளும் அடித்துவிட்டு, சரியாக எழுதிக்கொண்டாள்.