முப்பத்திநாலு பேருக்கு இரண்டு வாசல் வீடு

பாலாவிச் சந்தியில் ஒரு சின்னப் பயண ஒழுங்கு அலுவலகத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். வான் வண்டி பிடிப்பது, ரூம் புக் பண்ணுவது, குரூப்போடு கூடப் போவது எல்லாம் என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக, நான் நன்றாக மாட்டிக்கொண்ட ஒரு புக்கிங்கைப் பற்றி எழுதுகிறேன்.

1. லாத்தாவின் நிபந்தனை

ஒரு நாள் காலை மாம்புரியிலிருந்து றஹீமா லாத்தா வந்தார். அவர்கள் பேச்சில் லாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். ஏழு சகோதரங்களில் மூத்தவர். வெங்காயமும் மிளகாயும் பயிரிடுகிற குடும்பம். கதிரையில் உட்காரும் முன்பே கதைக்கத் தொடங்கிவிட்டார்.

“மிஸ், எங்கட கடைசித் தம்பி நஸீர் கட்டார்ல இரிந்து லீவுல வந்திரிக்கிறான். பிள்ளையள் எல்லாம் கொழும்புப் பக்கம் இரிக்கிற வாட்டர் பார்க்குக்குப் போகணும் எண்டு ஒரே சத்தம். ரெண்டு நாள் தங்கணும். நாங்க முப்பத்திநாலு பேர்.”

“ஓம் லாத்தா, பாப்பம். ஹோட்டலா, வீடா?”

“வீடு. எல்லாரும் ஒரே வீட்டுல இரிக்கணும். ஆனா ரெண்டு வாசல் வேணும்.”

காரணம் பிறகுதான் வந்தது. இரண்டாவது தம்பி ரபீக்கும் மூன்றாவது தம்பி ஜவ்பரும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. ஜவ்பரின் மகளுடைய கலியாணக் கார்டில் ரபீக்கின் பெயர் சின்ன எழுத்தில் விழுந்துவிட்டதாம். அவ்வளவுதான் விஷயம். இருவருமே வரச் சம்மதித்திருந்தார்கள், மற்றவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்றால் மட்டும்.

“நஸீர் திரும்ப எப்ப வருவானோ தெரியா. இந்த ரெண்டு நாளும் ஏழு பேரும் ஒரு கூரைக்குக் கீழ இரிக்கணும் மிஸ்,” என்றபோது லாத்தாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தக் குரலுக்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

2. மூன்று இடங்கள்

லாத்தாவையும் கூட்டிக்கொண்டு வானில் இடம் பார்க்கப் போனேன்.

முதலாவது, பார்க்கின் கேட்டுக்கு எதிரே இருந்த ஹோட்டல். ரூம்கள் நன்றாக இருந்தன. லாத்தா ரிசப்ஷனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, நாங்க எங்கட சட்டியக் கொண்டுவந்து சமைக்கலாமா?”

“எவ்வளவு பெரிய சட்டி, மேடம்?”

லாத்தா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் நுனி பக்கத்திலிருந்த பூச்சாடியில் இடித்தது. அந்தப் பையன் மனேஜரைக் கூப்பிடப் போனான். நாங்கள் காத்திருக்கவில்லை.

இரண்டாவது, ஒரு மண்டபம். பாய் விரித்தால் நூறு பேர் படுக்கலாம். ஆனால் ஒரே வாசல். “நடுவுல சீலை கட்டுவமா?” என்று லாத்தா கேட்டார். பிறகு தானே, “வேணாம். ரபீக்ட குறட்டை சீலைக்கு நிக்காது,” என்றார்.

மூன்றாவது, பார்க்கிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு மாடி வீடு. கீழே ஒரு வாசல். மேலே போக வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு. சமைக்க இரண்டு குசினி, நான்கு பாத்ரூம். வீட்டுக்காரர் ஒரு சிங்கள ஐயா, மாத்தையா என்றுதான் கூப்பிட்டோம். தண்ணீருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்று சிங்களத்தில் மூன்று தரம் சொன்னார். நான் நான்கு பாத்ரூம் கதவுகளையும் திறந்து பார்த்தேன். ஒரு பைப்பையும் திறந்து பார்க்கவில்லை. சந்தோசத்தில் அப்படியே புக் பண்ணிவிட்டேன்.

ரபீக்குக்கு மேல்மாடி, ஜவ்பருக்குக் கீழ்வீடு என்று பிரித்தேன். மேலே ஏழு மணிக்குச் சாப்பாடு, கீழே ஏழரைக்கு. வான்களும் இரண்டு. எல்லாவற்றையும் பெரிய தாளில் எழுதி இரண்டு சுவரிலும் ஒட்டினேன். எனக்கே என்னை நினைக்கப் பெருமையாக இருந்தது.

3. சோப்பு நுரை

முதல் நாள் இரவு அமைதியாகப் போனது. மறுநாள் காலை தாய்மார் எல்லோரும் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கத் தொடங்கினார்கள்.

“நாள் முழுக்கத் தண்ணிக்குள்ளதானே நிக்கப் போகினம்? இப்ப ஏன் குளிப்பாட்டுறீங்கள்?” என்று கேட்டேன்.

“ஊத்தையோட போய் அந்தத் தண்ணில எறங்கினா ஆக்கள் என்ன நெனைப்பாங்க?” என்றார் லாத்தா.

முப்பத்திநாலு பேர். இருபதாவது ஆளோடு டேங்க் காலி. மோட்டரைப் போட்டோம். அது ஒரு தடவை உறுமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மேல்மாடி பாத்ரூமில் ரபீக் நானா தலை முதல் கால் வரை சோப்புப் போட்டிருந்தார். உள்ளேயிருந்து கத்தினார். அவருடைய வீட்டார் முழுப்பேரும் வானில் ஏறிவிட்டார்கள். யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் இடுப்பில் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி, கைப்பிடியைத் தடவித் தடவி வெளிப்படிக்கட்டால் இறங்கினார். வீட்டுக்குப் பின்னால் கிணறு இருப்பது அவருக்குத் தெரியும். அங்கே ஜவ்பர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருப்பது தெரியாது.

வாளிச் சத்தம் கேட்டதும், “ஆரு மகன் அது? கண் எரியிது, ஒரு வாளி ஊத்துங்க,” என்றார்.

ஜவ்பர் என்னைப் பார்த்தார். குசினி யன்னலில் லாத்தா அகப்பையோடு அப்படியே நின்றார். என் தாளில் இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

ஜவ்பர் பேசாமல் ஒரு வாளி ஊற்றினார்.

“இன்னம் ஒண்டு மகன்.”

இன்னும் ஒன்று ஊற்றினார். மூன்றாவது வாளியில், வாய் தவறி, “காதுக்குப் பின்னால நுரை இரிக்கி நானா,” என்றுவிட்டார்.

ரபீக் கண்ணைத் திறந்தார்.

“கார்ட்ல என்ட பேரச் சின்னதாப் போட்டது நீதானே?”

“நான் போடல்ல நானா. அச்சடிச்சவன் போட்டது.”

“அச்சடிச்சவன்ட பேர் அடியில என்ட பேர விடப் பெரிசா இரிந்திச்சே!”

யன்னலுக்குள் லாத்தா முந்தானையால் வாயைப் பொத்தினார். ஜவ்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“இப்ப ஊத்தவா, வேணாமா நானா?”

“ஊத்து. காதுக்குப் பின்னால நுரை இரிக்கி எண்டியே.”

பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. இருவரும் தோட்டத்தில் வருடக்கணக்காகத் தண்ணீர் மோட்டரோடு மல்லுக்கட்டினவர்கள். அதைக் கழற்றிப் பார்க்காமல் பார்க்குக்குப் புறப்பட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். வான்களுக்குள் நீச்சல் உடுப்போடு பதினாறு பிள்ளைகள் ஹோர்ன் அடித்தபடி இருந்தார்கள். அண்ணன் திருகாணியைக் கழற்ற, தம்பி பிழை சொல்ல, தம்பி கழற்ற, அண்ணன் பிழை சொல்ல, பதினொரு மணிக்கு மோட்டர் ஓடியது. கட்டார்த் தம்பி நஸீர் முழுவதையும் போனில் வீடியோ எடுத்தார். மோட்டர் ஓடிய பிறகும் அவர் போனைக் கீழே இறக்கவில்லை.

பார்க்குக்குப் போய்வந்து, அன்று இரவு முப்பத்திநாலு பேரும் கீழ்வீட்டு ஹோலில் பாய் போட்டுப் படுத்தார்கள். மேல்மாடியில் நான் மட்டும்தான். ரபீக் நானாவின் குறட்டை அங்கேயும் வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இடம் பார்க்கப் போனால் வீட்டுக்காரர் கதைக்கட்டும், நீங்கள் பைப்பைத் திறவுங்கள். எல்லாப் பைப்பையும் ஒரே நேரத்தில் திறந்து, டேங்க் எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறது என்று பாருங்கள். போகிற குடும்பத்தில் கோபக்காரர்கள் இருந்தால் கிணறு இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.