அக்கா வாசலுக்கு எதிரே போட்ட நாற்காலிகள்

என் அக்கா மகளின் கல்யாணம் நினைவுக்கு வரும்போதெல்லாம் மாரியம்மாள் கோயில் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பேன். பெரிய உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம்.

அக்காவின் புருஷன் காய்ச்சலில் போனபோது பிள்ளைக்கு மூன்று வயது. அதன் பிறகு அக்கா ஒருத்தியாக நின்று, மழைக்கும் அட்டைக்கும் நடுவே ரப்பர் பால் வெட்டி அவளை வளர்த்தாள். தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதை என்னைவிட அக்காதான் கெட்டியாகப் பிடித்திருந்தாள். கோயிலில் தாலி கட்டும்போதும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஓரிடத்தில் உட்கார வைப்போம். தோட்டத்துச் சனமெல்லாம் வந்து அரிசி தூவி வாழ்த்தும். இடம் பார்ப்பது தாய்மாமனான என் பொறுப்பு. எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். தகரக் கூரை, முன்னால் அகலமான இஸ்தோப்புத் திண்ணை, கைவைத்த நாற்காலி இரண்டு. நானும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்து அக்காவிடம் சொன்னேன்.

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. “நல்லது தம்பி. பந்திக்குச் சோறு நான் இங்க இருந்தே ஆக்கி அனுப்புறேன்.”

கங்காணி வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே வைத்தால் அவள் கண்ணில் எதுவும் படாது. அப்போதுதான் அது எனக்கு உறைத்தது.

“அப்ப நீ பாக்க வேணாமா?”

“மறுநா வந்து கால்ல விழுவாளே. அப்ப பாத்துக்கிறேன்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை இருக்க விடவில்லை. அன்று முழுவதும் அம்மாளிடம்தான் முறையிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்பியது. தினமும் பார்ப்பதுதான். எங்கள் லயத்து வாசல்கள் எல்லாம் மேற்கே பார்த்தவை. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார வேண்டியதோ கிழக்கே பார்த்து. அக்கா வாசலுக்கு எதிரே உட்கார வைத்தால் இருவர் முகமும் அவள் ஒற்றை அறைக் காம்பராவைப் பார்த்தபடி இருக்கும். அவள் முன்னால் வரவே வேண்டாம். அம்மாள் காட்டிய வழி என்றே எடுத்துக்கொண்டேன்.

கங்காணியிடம் போய்ச் சொல்லத்தான் கால் கூசியது. அவர் கோபித்தால் எங்கள் பாடு திண்டாட்டம்.

“என் வீடு ஒனக்குப் பத்தலையோ?” என்றார்.

“அப்படி இல்லீங்க. அக்கா அங்க வராதுங்க. இங்கன்னா உள்ளுக்கு இருந்தாச்சும் பாக்கும்.”

வெற்றிலையைத் துப்பினார். “சனம் பூரா முதுகத்தான் பாக்கப்போவுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கெடுத்துவிட்டேனோ என்று பயந்து கிடந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் அந்த இரண்டு நாற்காலிகளும் எங்கள் வாசலில் வந்து இறங்கின.

கித்துல் மர ஓலைப் பந்தலில் சனம் நாற்காலிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தது. கங்காணி சொன்னபடியே ஆயிற்று. அடுத்த காம்பராக்காரி, “பொண்ணு முதுகு அழகா, மாப்பிள்ள முதுகு அழகான்னு பாக்கவா எங்கள கூப்பிட்டீங்க?” என்று கேட்க, பந்தல் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான்.

நான் ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டிருந்தேன். வாழ்த்துகிறவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டுமே. நாற்காலிக்கும் அக்கா வாசலுக்கும் நடுவே சனம் அடைத்துக்கொண்டது. விலகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால், நல்ல நேரத்தில் அக்கா பேரை அல்லவா சொல்ல வேண்டும்?

பெரிய கங்காணி முறை வந்தது. அரிசியைத் தூவிவிட்டுத் திரும்பியவர், இருட்டான அந்த வாசலைப் பார்த்தார். பிறகு தூண் பக்கமாக ஒதுங்கி, அடுத்து வந்தவனிடம் சாதாரணமாகச் சொன்னார்:

“பக்கத்துல நின்னு போடு. வாசல மறைக்காத.”

அவர் சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை. அதன் பிறகு எல்லோரும் ஓரமாக நின்றே தூவினார்கள். பெண் தலை நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் மாப்பிள்ளையும் பார்த்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இரண்டு கையையும் கூப்பினான். உள்ளே என்ன நடந்தது என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

அவர்களுக்கு இன்று ஐந்து பிள்ளைகள். அக்கா அன்று பார்த்ததை அம்மாள் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. கங்காணி ஐயா காலமாகிவிட்டார். விளக்கேற்றும்போது அவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் சனம் கலைந்த பிறகு, சட்டி கழுவிக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“மாப்பிள்ளைக்கு எடது காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கு தம்பி. பாத்தியா?”

நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே நின்ற நான் அதைப் பார்க்கவில்லை.