பிதாவுக்குச் சமமா, ஒரு படி கீழா

என் அண்ணனுக்குப் புத்தகம் படிக்கிற நோய் சைகோனுக்கு வந்த பிறகுதான் பிடித்தது. காரைக்காலில் இருந்தவரை ஜெபமாலையை விட்டால் வேறொன்றும் தெரியாது. கான் ஹொய் துறைமுகத்துச் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா ஆனதும், வெள்ளைக்காரனைப் போல ஓட்டுப் போடுகிற பிரஜை என்ற மிதப்பும் சேர்ந்துகொண்டது. பிரெஞ்சில் ஏதோ திருச்சபைச் சரித்திரத்தை வாசித்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே நின்று பேசுவார். சுதனாகிய யேசுநாதர் பிதாவால் உண்டாக்கப்பட்டவர், அதனால் ஒரு படி கீழே என்று ஆதிகாலத்தில் ஒரு குரு சொன்னாராம். குருக்களுக்கு மேலான மேற்றிராணிமார் பலர் அவர் பக்கம் நின்றார்களாம். ரோமாபுரி ராயன் மேற்றிராணிமாரின் சங்கம் கூட்ட, இருவரும் ஒரே பொருள் என்று அங்கே தீர்ப்பானதாம். தீர்த்தது ராயனா, சர்வேசுரனா என்று கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

எனக்கு அந்த வம்பே வேண்டாம். யேசுநாதர் சமமோ, கீழோ, என் பிள்ளைக்கு அவர் வேண்டும். பிள்ளை பிறந்ததிலிருந்தே நோஞ்சான். என் வீட்டுக்காரரைப் பட்டாளத்தோடு வடக்கே தொங்கினுக்கு அனுப்பிவிட்டார்கள். ஞானஸ்நானம் பெறாமல் செத்தால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை, மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள். அந்தப் பயம் எனக்குச் சோறு இறங்க விடவில்லை.

எங்கள் வழக்கப்படி ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்துகிற ஞானத்தகப்பன் தாய்மாமன்தான். கடலுக்கு இந்தப் பக்கம் எனக்கிருந்த ஒரே சொந்தம் அண்ணன். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வாசல் பேச்செல்லாம் சாமியாரின் காதுக்கு முன்பே போயிருந்தது. சின்ன விசுவாசப் பிரமாணம் போதாது, பூசையில் பாடுகிற பெரியதைச் சொல்லும் என்று அண்ணனிடம் அழுத்திக் கேட்டார். 'பிதாவோடு ஒரே பொருளானவர்' என்ற இடம் வந்ததும் அண்ணன் நிறுத்திவிட்டார்.

"மனசுல இல்லாதத வாயால சொல்ல மாட்டேன், சாமி" என்றார்.

அப்படியானால் வேறு ஆள் பிள்ளையை ஏந்தட்டும் என்றார் சாமியார். தாய்மாமன் நான் நிற்கும்போது எவன் ஏந்துவான் என்று அண்ணன் எகிறினார். பிள்ளை நெருப்பாய்க் கொதிக்கிறது என்று கெஞ்சினேன். காய்ச்சல்தானே, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு சாமியார் மறுபடி அந்த ஆதிகாலச் சங்கத்தின் தீர்ப்பைப் பற்றிய வாதத்துக்கே போய்விட்டார். அண்ணனும் விடாமல் பதிலுக்கு வாதாடினார். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். இரண்டு பேர் முகத்திலும் எத்தனை சந்தோஷம்!

ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்களுக்குப் பால்மணம் மாறாத வயதிலேயே சொல்லித் தருவது. ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரை நானே கையால் அள்ளினேன். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே என்று சொல்லிப் பிள்ளையின் தலையில் ஊற்றினேன். பிள்ளை வீரிட்டு அழுத பிறகுதான் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்குள் பிள்ளை போய்விட்டது.

அடக்கத்தன்று குழியருகே சாமியார் என்னைத் தேற்ற வந்தார். "நல்ல வேளைம்மா, அன்னைக்கு நீ தண்ணி ஊத்துன. இல்லாட்டி இங்க இடம் குடுத்திருக்க முடியாது."

அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டேன். அதன்பின் இருவரோடும் நான் பேசியதில்லை.