பத்திரத்தில் இல்லாத வரி

கோபம் வந்துவிட்டால் நியாயமெல்லாம் என் பக்கம் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். மூன்று வருடங்களுக்கு முன்பு, கேரள எல்லைக்குள் மீனாட்சிபுரத்தில் இருக்கும் வீட்டையும் தென்னந்தோப்பையும் என் பேருக்கு எழுதித்தர அப்பா சம்மதித்தபோதும் அப்படித்தான் இருந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நானும் உங்கம்மாளும் இருக்கற வரைக்கும் ஊடு எங்க அனுபவத்துல இருக்கோணும். அதை ஒரு வரி போடச் சொல்லிரு." எங்கள் பங்காளி ஒருவர் எல்லாவற்றையும் மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது பக்கத்துக் கோபாலபுரத்தில் மகள் வீட்டில் ஒண்டிக் கிடக்கிறார்.

பத்திரம் எழுதுபவரிடம் சொன்னேன். அந்த வரி இருந்தால் பேங்க்கில் லோன் கிடைப்பது கஷ்டம் என்றார். மாட்டுக் கொட்டகையைப் பெரிதாக்க எனக்கு லோன் வேண்டும். "அப்ப விட்டுருங்க" என்றேன். பெற்றவர்களைத் தெருவில் விடுகிற ஆளா நான்? இதற்கு எழுத்து வேறு வேண்டுமா என்று எரிச்சல்தான் வந்தது.

கையெழுத்துப் போடும் நாளில் பத்திரம் எழுதுபவர் தன் அறையில் வைத்துப் பத்திரத்தை என்னிடம் நீட்டி, "அப்பாவுக்குப் படிச்சுச் சொல்லுங்க, டோக்கன் பாத்துட்டு வர்றேன்" என்று எதிரே இருந்த ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார். முழுக்க மலையாளம். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சர்வே நம்பர், நாலு எல்லை, கிணற்றில் பாதி. முடிந்தது. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அம்மாவும் இருக்கற வரைக்கும் ஊடு உங்க அனுபவத்துலயே இருக்கும்னு போட்டிருக்குதுங்க" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அப்பா பேனாவைத் திறந்தார். "அது எந்த வரீன்னு காட்டு."

கிழக்கு எல்லை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவர் குனிந்து, உதடு அசைய எண்ணினார். "ரெண்டாம் பக்கம், மேலயிருந்து ஏழாவது வரி." இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "உங்கம்மாளுக்குக் காட்டோணும். அவ பயந்துட்டே இருக்கறா."

ஐயோ, அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அப்படி ஒரு வரி அதுல இல்லீங்கப்பா."

அப்பா பேனாவை மூடிப் பையில் செருகினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திப் பிழைத்திருப்பேன்.

பத்திரம் எழுதுபவர் திரும்பி வந்ததும் அப்பாவே சொல்லி அந்த வரியைச் சேர்க்கவைத்தார். மதியத்துக்குள் புதுப் பத்திரம் தயாரானது. அதையும் அந்த மனுஷர் என்னிடமே நீட்டினார். அப்பா குறுக்கே கையை விட்டு வாங்கி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களே படிச்சுச் சொல்லிருங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீ வெளிய இரு சாமி. இங்க ஒரே புழுக்கமா இருக்குது."

எழுந்து வெளியே வந்தேன். புழுக்கம் என்று சொன்னவர் எனக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டார்.