டோரீன் வீட்டு மூன்று மோடங்கள்

காக்ஸ் டவுனில் டோரீன் கத்தினால் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் காக்கை பறக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சரி, பாதி வழியில் பறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கோடை முழுக்க அவள் கத்தியது இரண்டே சொல்: "லைன் போச்சு!"

கத்தாமல் என்ன செய்வாள்? கணவர் லாயிட் பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போய் உள்ளறையில் படுத்திருந்தார். அவரை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது. இருபது வருஷம் டைப்ரைட்டரைத் தட்டிய விரல்களுக்கு வீட்டோடு ஒரு வேலை கிடைத்தது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு, கம்பெனியின் வெப்சைட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அடிக்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் அடித்த பக்கம் போனது போனதுதான். தினமும் நாலு மணிக்குள் முடிக்க வேண்டும். தாமதமானால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை போய்விடும்.

இணைப்போ, ஒரு நாளில் பதினைந்து தடவை அறுந்தது.

டெலிபோன் ஆபீசிலிருந்து லைன்மேன் கோவிந்தப்பா மூன்று தடவை வந்தார். ஹாலில் போனைக் கழற்றி, தன்னுடைய கருவியை மாட்டி, கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தார்.

"சென்னாகிதேம்மா, நல்லாத்தான் இருக்கு. லைன்ல ஒண்ணும் கோளாறு இல்ல. பேரலல் போன் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லவே இல்லண்ணா."

ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத டோரீன் கூசாமல் சொன்ன பொய் அது. உள்ளறையில், லாயிட்டின் கட்டிலுக்குப் பக்கத்தில், அதே லைனில் இன்னொரு போனாக, ஒரு பேரலல் போன் இருந்தது. மகள் ஆஞ்சலா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டால் அப்பா காதில் வைத்துக் கேட்கட்டும் என்று, பழைய வயர்மேன் ஜெயராஜ் வாசல் பெட்டியிலிருந்தே தனியாக ஒரு வயர் இழுத்துக் கொடுத்தது. கேட்காமல் பேரலல் வைத்தால் லைனையே வெட்டிவிடுவார்கள் என்பது போனுக்கு எட்டு வருஷம் காத்திருந்த காலத்துப் பயம். காலம் மாறியது, பயம் மாறவில்லை. கோவிந்தப்பாவின் சைக்கிள் மணி கேட்டதுமே அந்தப் போனைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளி, மேலே ஒரு பெட்ஷீட்டைப் போட்டுவிடுவாள். அவர் தெருமுனை திரும்பியதும் மறுபடி மாட்டிவிடுவாள்.

லைன் நன்றாக இருக்கிறது என்றால் குற்றம் மோடத்தில்தானே? நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு மோடங்களுக்குப் பரீட்சை வைத்தாள். பத்து நிமிஷ ஒலிப்பதிவு இறங்க எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை தடவை அறுந்தது, எந்த விளக்கு முதலில் அணைந்தது என்று மூன்று பத்தி.

டெலிபோன் ஆபீஸ் கொடுத்த வெள்ளை மோடம் மெதுவானது. அதன் சூட்டில் தோசை வார்க்கலாம். நான் அப்பளம் சுட்டே சாப்பிட்டிருக்கிறேன். அடுத்து, தம்பி யூஜின் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கறுப்பு மோடம், ஒற்றைக் கொம்போடு. வேகத்தில் குதிரை. வந்த முதல் இரண்டு நாளும் ஒரு தடவைகூட அறுந்து விழவில்லை. டோரீன் நோட்டில் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டு, வெள்ளை மோடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த இரண்டு நாளும் லாயிட் ஜுரத்தில் கண் திறக்காமல் கிடந்தார். நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

மூன்றாம் நாள் அவருக்குக் கஞ்சி இறங்கியது. இணைப்பு பதினெட்டுத் தடவை அறுந்தது. முதல் எச்சரிக்கை வந்தது, பத்து நாளில் இரண்டாவதும் வந்தது. எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி நீல மோடம் ஒன்றை வாங்கி வந்தாள். கடைக்காரன் பாறை மாதிரி நிற்கும் என்றான். பாறையும் நாளுக்குப் பதினாறு தடவை உருண்டது.

கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. மூன்றரை மணிக்கு ஒரே ஒரு பக்கம் பாக்கி. யாரோ ஒரு கிழவருடைய இதய ஆபரேஷன். மூன்றே முக்காலுக்கு விளக்கு அணைந்தது. பக்கம் போயிற்று. கத்தினாள், திரும்ப அடித்தாள். நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் மறுபடி அணைந்தது.

இந்தத் தடவை அவளுக்குக் கத்தத் தெம்பு இல்லை. காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, அழுவதற்காக உள்ளறைக்குப் போனாள். அந்த வீட்டில் அழ வேறு அறை கிடையாது.

லாயிட் இடது கையால் ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கோணிய வாயோடு சிரித்தார். ரிசீவரை அவள் பக்கம் நீட்டினார். ஙொய்யென்று டயல் டோன் கேட்டது. ரிசீவரை மடியில் போட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். லைன் இருக்கிறது, பயப்படாதே.

"எப்பவும்... நான் கத்தும்போதெல்லாம் எடுத்துப் பாப்பீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினார். கத்தாதபோதும்தான். மகள் கூப்பிடும்போது லைன் செத்துக் கிடந்தால்?

டோரீன் ரிசீவரை எடுத்து வைத்தாள். நாலு மணி தாண்டியதும் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து பிரபா.

"மேடம், மூணாவதும் ஆயிடுச்சு. நாளையிலேர்ந்து ஃபைல் வராது. என் கையில ஒண்ணும் இல்ல மேடம், சாரி."

"பரவாயில்லம்மா," என்றாள் டோரீன்.

முன்பே எழுதி வைத்திருந்த புகாருக்காகக் கோவிந்தப்பா மறுநாள் வந்தார். சைக்கிள் மணி கேட்டது. டோரீன் எழுந்திருக்கவில்லை. அவரே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, இத முன்னாடியே காட்டக்கூடாதாம்மா? பேரலல் வெச்சா இப்பல்லாம் யாரு கேக்கறாங்க? ஒரு சின்ன டப்பி மாட்டினா தீந்துபோச்சு. அது இல்லாம இந்தப் போன எடுத்தா நெட்டு பொட்டுனு போயிடும்."

பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு ஃபில்டரை எடுத்து, போனுக்கும் வயருக்கும் நடுவில் மாட்டினார். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நீல மோடத்தில் நாலு விளக்கும் எரிந்தன. இறக்க ஒன்றும் இல்லை, ஏற்றவும் ஒன்றும் இல்லை. டோரீன் பழக்கதோஷத்தில் நோட்டைத் திறந்து தேதி போட்டு, சாயங்காலம் வரைக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் ரிசீவரைத் தூக்குகிற சத்தம் பன்னிரண்டு தடவை கேட்டது. ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை.