பரணில் இருந்த அரிவாள்மணை

சண்முகவள்ளிக்குக் கோபமே வராது என்று உத்தரகோசமங்கையில் அவள் தெருவே சாட்சி சொல்லும். வராமல் என்ன, நன்றாகவே வரும். வந்தால் மாமியார் என்ன கேட்பார் என்று தெரிந்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். "ஆத்தா வள்ளி, மாத்திரை போட்டியா?" கொடியில் காய்ந்த சேலை எங்கே போனது என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் மாத்திரை. டி.வி. பார்த்து வாய்விட்டுச் சிரித்தால் மாத்திரை. ஒருநாள் தண்ணி லாரி வராத எரிச்சலில் குடத்தை ணங்கென்று தரையில் வைத்தாள். புருஷன் முத்துகிருஷ்ணன் பேசாமல் எழுந்துபோய் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கல்யாணமாகி இரண்டாம் வருடத்தில் அவளுக்கு மனநோய் வந்தது. காதுக்குள் ஆட்கள் பேசினார்கள். பேசியவர்கள் நல்லவர்கள் இல்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் அடுப்படி அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். யாரையும் வெட்டுவதற்கு அல்ல. அந்தக் குரல்காரர்கள் தெருவில் வருகிறார்கள், வீட்டுக்குள் விடக்கூடாது என்று காவல் நின்றாள். தெருவுக்கு அது எப்படித் தெரியும்? கையில் அரிவாள்மணையோடு தலைவிரிகோலமாக ஒருத்தி நிற்பதைத்தான் தெரு பார்த்தது. முத்துகிருஷ்ணன்தான் துணிந்து பக்கத்தில் போய், பேச்சுக் கொடுத்து, அதைக் கையிலிருந்து வாங்கினான்.

பிறகு ஆஸ்பத்திரி, மருந்து, மெல்ல மெல்லத் தெளிவு. "கொண்டுபோய் அவுக ஆத்தா வீட்டுல விட்டுட்டு வாடா" என்று சொந்தக்காரர்கள் வரிசையாகச் சொன்னார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று வாங்கிய அரிவாள்மணையை மட்டும் திருப்பித் தரவும் இல்லை. அது பரணில் அண்டாவுக்குப் பின்னால் ஏறிவிட்டது. மாமியார் ஸ்டூல் போட்டு இறக்குவார், அரிவார், கழுவுவார், ஏற்றிவிடுவார். எட்டு வருடமாக இதுதான் நடக்கிறது. வள்ளி கீரை ஆய்வாள், பூண்டு உரிப்பாள். விட்டுவிட்டுப் போகாத புருஷனிடம் அரிவாள்மணைக்காகச் சண்டை போட முடியுமா? போட்டால் ஊர் முழுக்க அவன் பக்கம் நிற்கும். அவள் மனசிலேயே பாதி அவன் பக்கம்தான் நிற்கும். அங்கேதான் அவளுக்கு மூச்சு முட்டியது.

இவ்வளவுக்கும் அவள் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? அடைபட்டுக் கிடக்கிறவர்களை வெளியே கொண்டுவருகிற வேலை. நோய் வந்து தெளிந்த ஒருவர், அதே நோயில் இருப்பவரின் வீட்டுக்குத் துணையாகப் போவார். இராமநாதபுரத்தில் உள்ள தொண்டு நிறுவனம் ஒன்று பயிற்சி கொடுத்து அவளைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அதற்கு 'சக ஆதரவாளர்' என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு அவள் மாத்திரை அக்கா. டாக்டர் சொல்வதை டாக்டர் சொல்லிக்கொள்வார். "எனக்கும் வந்துச்சு, இந்தா நடமாடுறேன்ல" என்று வள்ளியால்தான் சொல்ல முடியும். கூட்டங்களில் அவளை மேடையேற்றி, முழுதாகக் குணமானவர் என்று காட்டுவார்கள். கைதட்டல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து பூண்டு உரிப்பாள்.

கீழக்கரையில் அவள் போய்வந்த வீடுகளில் ஒன்று நூர் நிஷாவுடையது. அவர் புருஷன் துபாயில். மகள் ஹுமைரா கல்லூரியில் படிக்கும்போது நோய் வந்து, இப்போது பெரும்பாலும் தெளிந்துவிட்டாள். ஆனாலும் நாள் பூராவும் உம்மாவின் கண் அவள் மேலேயே இருந்தது. அடுப்படிப் பக்கம் போனால் உம்மாவும் பின்னாலேயே வருவார்.

"ஒனக்கு என்ன செய்யணும்னு ஆசை, சொல்லு" என்று ஒருநாள் வள்ளி கேட்டாள்.

"மீன் ஆணம் வைக்கணும்க்கா. நானே அரிஞ்சு, நானே ஆக்கணும்." குழம்பை அந்த வீட்டில் ஆணம் என்பார்கள்.

"ஆக்கட்டும். அரியுறத நான் அரிஞ்சு தாரேன்" என்றார் நூர் நிஷா, வெடுக்கென்று.

ஹுமைரா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தத் திரும்பல் வள்ளிக்கு மிகவும் பழக்கமானது.

"குடுத்துத்தான் பாருங்களேம்மா. அவளையும் ஒரு ஆளா நெனைச்சாத்தான தேறுவா?"

"நீ லேசாச் சொல்லிருவ. ஒங்க வீட்டுல ஒங் கையில அருவாமணையக் குடுக்குறாகளா?"

சுவரைப் பார்த்திருந்தவள் சட்டென்று திரும்பி வள்ளியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் வள்ளி பொய் சொன்னாள்.

"குடுக்காம? எங்க வீட்டுல நாந்தான் மீன் அரியுறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் நூர் நிஷா உத்தரகோசமங்கையில் வந்து இறங்கினார். கையில் ஐஸ் போட்ட பையில் விளமீன். பையைப் பார்த்ததுமே வள்ளிக்குத் தான் சொன்ன பொய் ஞாபகம் வந்தது. முத்துகிருஷ்ணன் நாற்காலி போட்டான், மாமியார் டீ போட்டார். எல்லோரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள்.

"நல்ல மீனாக் கெடைச்சுச்சு. வள்ளி கையால அரிஞ்சு ஆக்குனா ஒரு வாய் சாப்ட்டுப் போவேன்" என்றார் நூர் நிஷா.

"அதுக்கென்ன ஆத்தா" என்று மாமியார் ஸ்டூலைப் பரணுக்குக் கீழே இழுத்தார். அரிவாள்மணையை இறக்கினார். தானே முந்தியைச் செருகிக்கொண்டு மீன் முன்னால் உட்கார்ந்தார்.

"வள்ளிதான் அரியும்னு சொல்லுச்சே?"

"அவளா? அவ கையில இதக் குடுக்குறதில்ல. அது ஒரு பழைய கதை" என்றார் மாமியார், எந்தக் கள்ளமும் இல்லாமல்.

முத்துகிருஷ்ணன் தரையைப் பார்த்தான். வள்ளிக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது. "ஆமாம்மா, நான் பொய் சொன்னேன்" என்று விருந்தாளியிடம் சொன்னாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "இப்பக் குடுங்க அத்தை. நான் அரியுறேன்."

குரல் ஒரு படி கூடிவிட்டது. மாமியார் மகனைப் பார்த்தார். "வள்ளி, இன்னைக்கு மாத்திர…" என்று தொடங்கியவன், வெளியாள் இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். அவள் அடுப்படியை விட்டு வெளியே வந்து மாடத்து விளக்கைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. நூர் நிஷா டீயைக் குடித்துவிட்டு, சோற்றுக்கு இருக்காமல், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துபோனார்.

கீழக்கரை வீட்டுக் கதவு இனித் திறக்காது என்று நினைத்துக்கொண்டுதான் வள்ளி அடுத்த தடவை போனாள். திறந்தது. நூர் நிஷா அவளை நேராக அடுப்படிக்குக் கூட்டிப்போனார். தரையில் அரிவாள்மணை கிடந்தது. பக்கத்துச் சட்டியில் மீன்.

"ஒக்காரு. ஒங்க வீட்டுலதான் குடுக்கல, இங்கன நீ அரி. நான் பாக்கணும்."

வள்ளி உட்கார்ந்தாள். பலகையை ஒரு காலால் அழுத்தி மிதித்துக்கொண்டாள். கால் மறக்கவில்லை, கைதான் மறந்திருந்தது. செதில் முகத்தில் தெறித்தது. தலையை அறுக்கும்போது மீன் வழுக்கிக்கொண்டு போக, விரலில் ஆழமாகவே வெட்டு விழுந்தது. ரத்தம் சொட்டியதைப் பார்த்து அப்படியே உறைந்துபோனாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"மீன்னா வழுக்கத்தான செய்யும்" என்றார் நூர் நிஷா. மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து விரலில் அப்பி, பழைய துணியைக் கிழித்துக் கட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. வெட்டுப் பட்டவளை வெட்டுப் பட்டவளாக மட்டும் பார்த்து எத்தனை காலமாயிற்று!

"தள்ளுக்கா, ஒனக்கு அரியவே தெரியல" என்று ஹுமைரா அவளை நகர்த்திவிட்டு அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தாள். நூர் நிஷா வாயைத் திறந்தார். பிறகு கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். கடைசித் துண்டு சட்டியில் விழும்வரை அவர் கை நிலையை விடவில்லை. மகளைத் தடுக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விரலை முந்திக்குள் மறைத்துக்கொள்ளலாமா என்று வள்ளி யோசித்தாள். எதையும் மறைக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவள் அவள். மறைக்காமலே வீட்டுக்குள் நுழைந்தாள்.

"கையில என்னத்தா?" என்றார் மாமியார்.

"மீன் அரிஞ்சேன் அத்தை. வழுக்கிருச்சு." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாமியார் பரணை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். முத்துகிருஷ்ணன் அவளை உட்காரவைத்து, துணியை அவிழ்த்து, காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வலிக்குதா?" என்று கேட்டான். வெந்நீரில் துடைத்து வெள்ளைத் துணி கட்டினான். அவ்வளவு பதமாகக் கட்டினான். இவன் நம்புகிறான், நாளைக்கு இவனிடமே அரிவாள்மணையைக் கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கல்யாணமான புதிதில் போல அவன் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தாள்.

காலையில் அடுப்படிக்குள் போய் நிமிர்ந்து பார்த்தாள். அண்டா ஓரமாக நகர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மாமியார் தேங்காய்த் துவையலுக்கு அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காய் எதுவும் இல்லை. முத்துகிருஷ்ணன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் குனிந்துகொண்டான். இத்தனை வருடமும் அது எங்கே இருக்கிறது என்றாவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

தொண்டைவரை வந்த சத்தத்தை வள்ளி விழுங்கிக்கொண்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஹுமைரா வீட்டுக்கு இன்றைக்கும் போக வேண்டும்.

"மாத்திரை போட்டுட்டேன்" என்று, யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.