வெள்ளைப்புலியின் கொட்டாவி

திருப்பதியில் மலையைத் தவிரக் குழந்தைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், இப்போது என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியும். மாசி மாதத்தில் வாருங்கள் என்பேன். காலைக் குளிர் கொஞ்சம் மிச்சமிருக்கும். பத்து, பத்தரை வரை வெயில் உறைக்காது. மிருகக்காட்சிசாலைக்குப் போகிற வழியில் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும். சந்திரகிரிப் பக்கம் போனால் மாம்பூ வாசனை பேருந்துக்குள்ளேயே வரும். அலிபிரிக்குப் போகும் வழியில் அறிவியல் மையம் இருக்கிறது. உருவத்தைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டுகிற கண்ணாடிகளின் முன்னால் பிள்ளைகளை விட்டுவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சாயங்காலம் கோவிந்தராஜர் கோயில் பக்கத்துத் தெருவில் மரப்பொம்மை வாங்கிக் கொடுக்கலாம்.

இத்தனையும் எனக்குத் தெரியவந்தது எழுபத்தோராவது வயதில். அதற்கு முன்பும் பாதி ஆயுளை இதே ஊரில்தான் கழித்திருந்தேன்.

போன மாசியில் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அங்கதான் நைனா. பாப்பாவையும் கூட்டிக்கினு வரேன். ஆனா ஒண்ணு, இந்த வாட்டி மலைக்கு வேணாம்."

"வேணாம்னா வுடு. ஊர்ல வேற எடமே இல்லியா?"

"எங்க, ஒண்ணு சொல்லு பாப்போம்."

யோசித்தேன். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவன், இந்த ஊர் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவன், சட்டென்று ஓர் இடம் சொல்ல முடியவில்லை. கடைசியில், "ஜூ இருக்குது" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். "ஜூவா? பாப்பாவை இட்டுக்கினு போறியா, இல்ல என்னையா?"

அந்தச் சிரிப்பின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நகரிக்காரன். வருவாய்த்துறையில் சேர்ந்து, சித்தூரில் சில வருடம் இருந்துவிட்டுத் திருப்பதிக்கு மாற்றலாகி வந்தேன். இந்த ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு ஆபீஸ் வேலை ஒரு பங்கு என்றால், தரிசனத்துக்கு வருகிற பெரிய மனிதர்களை ஸ்டேஷனில் எதிர்கொண்டு, மலைக்கு அழைத்துப்போய், கும்பிடவைத்து, திரும்ப ரயிலேற்றுவது இன்னொரு பங்கு. இரண்டாவது பங்கில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். பெயர் பரவியதும் நகரி, புத்தூர், கார்வேட்டிநகரம் என்று சொந்தக்காரர்களும், சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்களும் வர ஆரம்பித்தார்கள். எங்கள் வீடு சத்திரமானது. விருந்தாளிகளுக்கான பாய்களும் தலையணைகளும் மகளின் அறையில்தான் அடுக்கியிருக்கும். அவள் பரீட்சைக்குப் படிக்கிற காலையில் அவள் அறையில் யாரோ தலை துவட்டிக்கொண்டிருப்பார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து, யாரைப் பார்த்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம் என்று விளக்கிக்கொண்டிருப்பேன்.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஒரு மேலதிகாரியின் குடும்பம் வந்திறங்கியது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவன் இருட்டின பிறகு லட்டோடு வந்தேன். அவள் லட்டைத் தொடவில்லை, அழவும் இல்லை. "எம் பொண்ணு ரொம்பப் பொறுமை" என்று நான் அதை ஆபீஸில் பெருமையாகச் சொன்னேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

இப்போது விஷயம் வேறு. மருமகன் கோடையில் வேலை நிமித்தமாக வெளிநாடு போகிறார். மகளுக்கும் ஆபீஸ். எட்டு வயதுப் பாப்பாவை விடுமுறையில் எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. வேலூரில் சம்பந்தி வீடு இருக்கிறது. அங்கே பெரியப்பா பிள்ளைகள் இருக்கிறார்கள், நாய் இருக்கிறது. இங்கே நான் மட்டும். என் மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. பாப்பாவை என்னிடம் விடு என்று நானாகக் கேட்டிருந்தேன். அப்படி எதையும் அவளிடம் நான் கேட்டதில்லை. "வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். எதைப் பார்த்துவிட்டு என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை ஆட்டோவில் கிளம்பினோம். பாப்பா போட்டோ எடுக்க வேண்டும் என்று என் போனை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மிருகக்காட்சிசாலை வாசலில் நுழைவுச்சீட்டு ஜன்னலுக்கு முன்னால் சின்ன வரிசை. நாங்கள் கடைசியில் போய் நின்றோம்.

நின்றேன் என்றுதான் நினைத்தேன். என் கண்கள் ஏற்கெனவே ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அறையைத் துழாவ ஆரம்பித்துவிட்டன. திருப்பதியில் என்னைப் போல வாழ்ந்தவனுக்கு வரிசை என்பது நிற்கிற இடமே இல்லை. அதன் முனையில் நமக்குத் தெரிந்தவர் யார் என்று தேடுகிற இடம். அப்படியே ஒருவர் கண்ணில் பட்டார். எங்கள் ஆபீஸில் அட்டெண்டராக இருந்து பிறகு வேறு துறைக்குப் போனவர்.

"இங்கியே இருங்க, தோ வந்துட்டேன்" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். "நாலு பேருதான் நைனா நிக்கறாங்க."

"ரெண்டே நிமிஷம்."

"ஏமண்டி சார், மீரு இக்கட!" என்று, நான் அங்கே வந்த வியப்பைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே அவர் எழுந்து நின்றார். எங்களுக்குள் எப்போதும் தெலுங்கும் தமிழும் கலந்துதான். "லைன்ல நிக்கிறீங்களா சார்? நீங்களா? மொதல்ல உக்காருங்க. டீ சொல்றேன்."

உட்கார்ந்தேன். டீ வந்தது. சுற்றிப்பார்க்க பேட்டரி வண்டி ஒன்றை எங்களுக்கென்றே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். வண்டி எங்கேயோ போயிருந்தது, வந்துவிடும் என்றார். அதுவரை பழைய அதிகாரிகளைப் பற்றிப் பேசினோம். எந்த மந்திரி வந்தபோது எந்தக் கதவைத் திறக்கவைத்தேன் என்று அவரே நினைவுபடுத்தினார். அந்த மின்விசிறியின் கீழே எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வெளியே யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோகும் அளவுக்குச் சந்தோஷம்.

வண்டி வந்து நான் வெளியே வந்தபோது அந்த வரிசையில் இருந்தவர்கள் யாருமே இல்லை. எல்லாம் புது முகங்கள். மகளும் பாப்பாவும் உள்ளே போயிருந்தார்கள். கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் என் போன் பாப்பா கழுத்தில். மகளின் எண் எனக்கு மனப்பாடமில்லை. என் எண்ணுக்கே யார் போனிலிருந்தாவது அடிக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

வேறு வழியில்லாமல் வண்டியில் ஏறினேன். பத்துப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் டிரைவருக்குப் பின்னால் நான் ஒருவன். யானையைத் தாண்டிப் போனோம், மான்களைத் தாண்டிப் போனோம். நடந்துபோகிற குடும்பங்கள் ஒதுங்கி வழிவிட்டுப் பார்த்தன. ஒரு குழந்தை எனக்குக் கையாட்டியது. அதன் அம்மா, யாரோ பெரிய ஆபீசர் என்று அதற்குச் சொன்னது என் காதில் விழுந்தது.

வெள்ளைப்புலிக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். நான் வண்டியிலிருந்து இறங்குவதை மகள் உட்கார்ந்தபடியே பார்த்தாள். பாப்பாதான் ஓடிவந்தாள்.

"தாத்தா, எங்க போன நீ? புலி இவ்ளோ பெரிய கொட்டாவி வுட்டுச்சு! நாக்கு எல்லாம் தெரிஞ்சுது. போட்டோ எடுக்கறதுக்குள்ள வாயை மூடிக்குச்சு."

"வண்டி கொண்டாந்திருக்கேன் பாப்பா. ஏறு, எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்துடலாம்."

"நாங்க பாதி பாத்துட்டோம்" என்றாள். பிறகு மகளிடம் திரும்பி, "தாத்தா புலி கொட்டாவி பாக்கல இல்லம்மா, பாவம்" என்றாள்.

மகள் முறுக்குப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். "பரவால்ல நைனா. உக்காரு. எனக்குப் பழக்கம்தானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். வெயில் அடிக்கிறது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். தண்ணீர் பாட்டில் அவள் தோளில் மாட்டியிருந்தது. வேண்டுமென்று மாட்டவில்லை, குழந்தையோடு வெளியே வருகிற எல்லா அம்மாக்களும் மாட்டுவதுதான். எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை. வண்டிக்காரரிடம் போய், வேண்டாம், போய்விடுங்கள் என்றேன். அவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு போனார்.

"மறுபடி கொட்டாவி வுடற வரைக்கும் இருக்கலாம். தாத்தாவும் பாக்கட்டும்" என்று பாப்பா தீர்ப்புச் சொன்னாள்.

இருந்தோம். புலி ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. வால் நுனி மட்டும் அவ்வப்போது அசைந்தது. கூட்டம் வந்தது, கூப்பிட்டுப் பார்த்தது, போனது. வெயில் ஏறியது. பெஞ்சின் நிழல் குறையக் குறைய நாங்கள் ஒருவரை ஒருவர் நெருக்கி உட்கார்ந்தோம். எனக்குக் கால் துறுதுறுத்தது. பக்கத்தில் காவல்காரர் யாராவது தெரிகிறாரா என்று திரும்பினேன்.

பாப்பா கவனித்துவிட்டாள். "தாத்தா, புலிங்க ஆபீஸ்ல யாரையாவது தெரியுமா உனக்கு?"

"எதுக்குடா?"

"சொல்லி, சீக்கிரம் கொட்டாவி வுடச் சொல்லேன்."

மகள் வாயிலிருந்த முறுக்குப் புரையேறச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு, புலியைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"லைன்ல வுட்டுட்டுப் போனியே, அப்போ பாப்பா கேட்டா, தாத்தா நம்மகூட வரலியான்னு. வருவாரு, யாரையோ பாத்துக்கினு இருக்காருன்னேன். சின்ன வயசுல அம்மா எனக்குச் சொன்ன அதே பேச்சு. என் வாயிலிருந்தே வந்துச்சு நைனா. அதான் எனக்குப் புடிக்கல."

நான் செய்தது தப்பு என்று சொன்னேன். இன்றைக்குச் செய்ததும், அன்றைக்குச் செய்ததும். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "முறுக்கு துன்னு" என்றாள்.

புலி கொட்டாவி விடவில்லை. பசி வந்ததும் கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரகிரிக் கோட்டைக்கு அரசுப் பேருந்தில் போனோம். ராஜ மகாலின் வளைவுகளைப் பற்றி ஆரம்பித்தேன். பாப்பா, "ஸ்கூலுக்கு லீவு தாத்தா" என்றாள். நிறுத்திக்கொண்டேன். கோட்டைக்குள் புல்தரை பெரியது. பிள்ளைகள் ஓட நல்ல இடம். அணிலைத் துரத்தினாள், மாடத்து ஜன்னலில் ஏறி உட்கார்ந்தாள், வாசலில் விற்ற மாங்காய்ப் பத்தையை உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்று கண் கலங்கினாள்.

அப்போதுதான் என் போன் அடித்தது. பழைய மேலதிகாரி ஒருவர். ஓய்வு பெற்று ஹைதராபாத்தில் இருப்பவர். குடும்பத்தோடு வந்திருக்கிறார், மதியத்துக்குள் மலையில் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்றார். "சரிங்க சார், பாக்கறேன் சார்" என்றேன். எழுந்து நின்றும்விட்டேன். யோசித்துச் செய்ததில்லை; அந்தக் குரலுக்கு உடம்பே எழுந்துகொண்டது.

மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாப்பாவின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போறதுன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வரோம்" என்று மட்டும் சொன்னாள்.

நான் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். பேத்தியோடு சந்திரகிரியில் இருக்கிறேன், இன்றைக்கு என்னால் ஆகாது என்றேன். "பேத்தியா? சரி, இருக்கட்டும். நாங்க பொது லைன்லயே போயிக்கிறோம்" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். இத்தனை வருடம் நான் பயந்தது இந்த ஒரு நிமிடப் பேச்சுக்கு.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மகள் மாங்காய்ப் பத்தை ஒன்றை எடுத்து, மிளகாய் படாத பக்கமாகத் திருப்பி என் கையில் கொடுத்தாள். எனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்கு நினைவிருந்தது.

அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில் பெங்களூர் பஸ் கிளம்பும் முன் அவள் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "மொதல்ல பத்து நாளு. எப்படிப் போவுதுன்னு பாத்துட்டு அப்புறம் சொல்றேன். பாப்பா என் ரூம்ல படுப்பா. அங்க வேற யாரும் படுக்கக் கூடாது."

"யாரும் வரமாட்டாங்க."

"வருவாங்க நைனா. நீதான் வேணாம்னு சொல்லணும்."

மறுநாள் அந்த அறையிலிருந்த பாய்களையும் தலையணைகளையும் வெளியே எடுத்தேன். தெருக்கோடியில் கட்டட வேலைக்கு வந்திருந்த குடும்பங்களுக்குக் கொடுத்தேன். பாய்கள் இருந்த சுவரில் வெள்ளை தேய்ந்து பழுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. ஆள் வைத்துப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் வேண்டுமாம் பாப்பாவுக்கு.

அடுத்த வாரம் ஒரு காலையில் தனியாக மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். அட்டெண்டர் அறைப் பக்கம் திரும்பாமல் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெரிய குடும்பம். சில்லறைக்குத் தகராறு, குழந்தை அழுகை, ஜன்னல்காரர் எழுந்து போய்விட்டு வந்தார். எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் நின்றேன். சீட்டு வாங்கி நடந்தே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ராத்திரி பாப்பா போன் செய்தாள். "தாத்தா, கொட்டாவி வுட்டுச்சா?"

"இல்லடா. தூங்கிக்கினே இருந்துச்சு."

"எவ்ளோ நேரம் உக்காந்த?"

"மத்தியானம் வரைக்கும்."

"சரி, நான் வந்தப்புறம் ரெண்டு பேரும் உக்காரலாம்" என்றாள். பிறகு, அம்மா உங்கிட்ட பேசணுமாம் என்று போனை மகளிடம் கொடுத்தாள்.